எரிந்துபோனதா, எரித்ததா?

ஆய்வேட்டில் இயங்குவினை, இயக்குவினை பற்றிய இயலை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் ஒரு சரக்கு வண்டியின் எஞ்சின் எனக்குத் தரவாக வந்து சேர்ந்தது. வண்டி எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஓர் அண்ணனுடையது. விழுப்புரம் பக்கத்திலிருந்து சிறுவயதில் பெற்றோருடன் தில்லிக்கு வந்தவர். ஆசாத்பூர் மண்டியிலிருந்து காய்கறி ஏற்றிக் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். சென்ற ஆண்டு, டீசல் செலவு தாங்காமல் ஒரு பணிமனையில் வண்டியைச் சி.என்.ஜி.க்கு மாற்றினார். கடன் வாங்கித்தான். நான்காம் மாதம் எஞ்சின் நின்றது. பணிமனை பொறுப்பேற்க மறுத்தது. நுகர்வோர் ஆணையத்துக்கு முறையீடு எழுதித் தரும்படி அவர் என்னிடம் வந்தார்.

தில்லிக்கு இந்த மாற்றுவேலை புதிதன்று. எம். சி. மேத்தா வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, நகரப் பேருந்துகளை 2001 மார்ச் 31க்குள் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றச் சொன்னது. கெடு நீண்டுகொண்டே போயிற்று. 2002 ஏப்ரலில் டீசல் பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று நீதிமன்றம் கண்டித்த பிறகே வேலை வேகம் பிடித்தது. புதுப் பேருந்து வாங்க இயலாதவர்கள் பழைய எஞ்சினையே மாற்றிக்கொண்டார்கள். நகரத்தின் காற்றுக்காக நடந்த அந்த வழக்கை நாம் கருத்தரங்குகளில் பேசுகிறோம். எஞ்சினுக்குள் என்ன மாற வேண்டும் என்பதை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. அதை எனக்கு விளக்கியவர், பிரித்துப் பார்த்த இரண்டாவது மெக்கானிக்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை ஏறத்தாழ 17 அல்லது 18 மடங்கு அமுக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதற்கு 250 டிகிரிக்குள் போதும். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே இன்ஜெக்டர் இருந்த இடத்தில் பிளக்கைப் பொருத்தி, பொறியால் பற்றவைக்க வேண்டும். அத்துடன் கம்ப்ரஷனையும் பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு இறக்க வேண்டும். பிஸ்டனின் தலையைக் கடைவார்கள், அல்லது வேறு பிஸ்டன் போடுவார்கள். இதைச் செய்யாவிட்டாலும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. பாரம் ஏற்றி மேம்பாலம் ஏறும்போதெல்லாம் வாயு வேளைகெட்டு வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். டீசலின் கரி வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே மெல்லிய மெத்தைபோல் படிந்திருக்கும்; எரிவாயு உலர்ந்தது, அந்த மெத்தையைத் தராது. எக்ஸாஸ்ட் சூடும் கூடுகிறது. இருக்கை தேயத் தேய வால்வு மேலேறி, டாப்பெட் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் டாப்பெட் சத்தமும் குறையும். கடைசி மாதத்தில் வண்டி முன்னைவிட அமைதியாக ஓடியது என்று அண்ணன் சொன்னார். பழகிய காதுக்கு அது நற்செய்தியாகத்தானே கேட்டிருக்கும்!

ஹெட்டைக் கழற்றியபோது எக்ஸாஸ்ட் வால்வு இரண்டு எரிந்திருந்தன. ஒரு பிஸ்டனின் விளிம்பு உருகியிருந்தது. பிஸ்டன்கள் நான்கும் பழைய டீசல் பிஸ்டன்கள். கடைந்த தடமே இல்லை.

இனி மொழி. அண்ணன் தமிழ் பேசுபவர். ஆனால் பட்டறைச் சொற்களை இந்தியில் கற்றவர். "எஞ்சின் பைட் கயா தம்பி, வால்வு எரிஞ்சு போச்சு" என்றார். எஞ்சின் உட்கார்ந்துவிட்டதாம். இந்தியில் 'ஜானா', தமிழில் 'போ': இரண்டுமே போதலைக் குறிக்கும் வினைகள், இரண்டுமே முதல் வினையின் பின்னால் துணையாக வந்து நின்று, செய்தவன் யார் என்ற கேள்விக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. கு. பரமசிவம் இயங்குவினை என்றும் இயக்குவினை என்றும் பிரித்தது இங்கே நூற்பா அளவில் நிற்கவில்லை. எரிந்தது என்றால் இழப்பு அண்ணனுடையது. எரித்தார்கள் என்றால் பணிமனையுடையது. பணிமனை தந்த ஆங்கிலப் பதிலோ, எஞ்சின் 'அளவுமீறிச் சூடாக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் இருந்தது. செயப்பாட்டுவினைக்குள் ஓட்டுநரை ஒளித்துவைத்த வாக்கியம்! அதை எழுதியவர் மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை; எழுத்தர் அனுபவமே போதும்.

நான் 'எரித்துவிட்டார்கள்' என்று எழுதினேன். அண்ணன் ஏற்கவில்லை. "பத்து வருஷப் பழக்கம் தம்பி. பாதிப் பணத்துக்குத் தவணை குடுத்தவர். அவர் வேணும்னு எரிச்சாருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். அவர் சொன்னது மரியாதையால் மட்டுமன்று, பொருளிலும் சரி. யாரும் வேண்டுமென்று எரிக்கவில்லை. அன்று மாலை முழுவதும் ஒரு வினைச்சொல்லைத் தேடினோம். முடிவில் கிடைத்தது எதிர்மறை: 'பிஸ்டனைக் கடையவில்லை, கம்ப்ரஷனைக் குறைக்கவில்லை.' இயக்குவினைதான், எழுவாயும் உண்டு. செய்யாத செயலுக்கும் செய்திருக்க வேண்டிய ஒருவர் உண்டு என்பதை இலக்கணம் ஏற்கிறது. வேண்டுமென்று செய்ததாகப் பழி சொல்லவும் இல்லை. அண்ணன் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது சரி" என்றார். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதினேன்.

ஆணையத்தில் முதல் தடை வேறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை; சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்த விலக்கில் சேர்ப்பதுமில்லை. ஒரே வண்டி, ஓட்டுபவரும் அவரே என்பதைக் காட்ட மண்டியின் நுழைவுச் சீட்டுகளை இணைத்தோம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை என்பது உதவியது. பணிமனையின் ரசீதில் 'கிட் பொருத்தியது' என்ற ஒற்றை வரியே இருந்தது. கடைசல் கூலி என்று ஏதும் இல்லை. அந்த இல்லாமையையும் ஓர் ஆவணமாகச் சேர்த்தோம்.

முறையீடு ஏற்கப்பட்டிருக்கிறது, விசாரணை அடுத்த மாதம். அண்ணன் இப்போது வேறொருவர் வண்டியை நாள்கூலிக்கு ஓட்டுகிறார். தவணை நிற்கவில்லை. உருகிய பிஸ்டனைப் பழைய நாளிதழில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.