கருத்தும் காட்டும்

ஒரு நூலைப் படித்து முடித்தவரிடம், "அதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் நிகழ்ச்சிகளை வரிசையாக ஒப்புவிப்பர். சிலர் தமக்குப் பிடித்த ஓர் இடத்தை மட்டும் சொல்வர். ஆசிரியர் எதைக் கூறுவதற்காக அத்தனையும் எழுதினார் என்பதை ஒரே வாக்கியத்தில் உரைப்போர் மிகச் சிலரே. இக்குறையை நாம் பிறரிடத்துக் கண்டு கூறவில்லை, நம்மிடத்திலேயே கண்டோம்.

அப்போது நமக்கு வயது பதின்மூன்று. வாப்பா பினாங்கில் சிறு கடை வைத்திருந்தார்கள். அவர்களுடைய கடிதம் வந்தால், வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவது நம் வேலை. வாப்பும்மா அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தடையின்றி ஓதுவார்கள்; ஆனால், தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. நாமோ, பள்ளியில் ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுவதில் முதல் மதிப்பெண் பெறுபவர். அந்தப் பெருமிதத்தில் ஒரு நாள் கடிதத்தை மனத்துள் வேகமாகப் படித்துவிட்டு, "வாப்பா சுகமாக இருக்கிறார்கள், பெருநாளுக்குக் கைலி கொடுத்தனுப்புவார்களாம்" என்று சுருக்கம் கூறினோம்.

"முழுசா வாசி, மகனே" என்றார்கள் வாப்பும்மா.

வாசித்தோம். கடையில் வேலை பார்த்த இருவரில் ஒருவர் ஊர் திரும்புகிறார். வீட்டு ஓடு மாற்றும் வேலையை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கடிதம் கண்ட பின்பே ராத்தாவின் நிக்காஹுக்கு நாள் குறிக்க வேண்டும். எதிர்க் கடைக்காரர் தம் கடையைப் பெரிதாக்கிவிட்டார். வசதிப்பட்டால் கைலி வரும்.

வாப்பும்மா சற்று நேரம் கண்களை மூடியிருந்தார்கள். "ஏவாரம் படுத்துப் போச்சு. புள்ள சொல்லக் கூசுறான்" என்றார்கள்.

அப்படியொரு வரி கடிதத்தில் எங்கும் இல்லை. ஆயினும் அன்றே நம் கையாலேயே பதில் எழுதச் செய்தார்கள்: ஓடும் வேண்டாம், கைலியும் வேண்டாம், நீ வந்து சேர். இரண்டு மாதங்களில் வாப்பா வந்தார்கள். அந்தப் பதில் கிடைத்திராவிட்டால் ஊருக்கு வர வெட்கப்பட்டு அங்கேயே கடன்பட்டிருப்பேன் என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள்.

நாம் செய்த பிழை யாது? நமக்கு இனித்த செய்தியையே கடிதத்தின் மையம் எனக் கொண்டோம். கைலியை மையமாக வைத்தால் ஓடும் நிக்காஹும் எதிர்க் கடையும் தொடர்பற்றுச் சிதறுகின்றன. வியாபாரத் தளர்ச்சியை வைத்தாலோ ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் அமர்கிறது. 'வசதிப்பட்டால்' என்ற சிறு சொல்லுக்கும் பொருள் கிடைக்கிறது. மற்றவை அனைத்தும் எதைத் தாங்கி நிற்கின்றனவோ, அதுவே மையக் கருத்து.

நம் முன்னோர் இதனை இலக்கணமாகவே வகுத்தனர். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்னும் ஐந்தையும் உறுப்பாகக் கூறுகிறார். கருத்து வேறு, அதனை விளக்க வரும் காட்டு வேறு என்னும் தெளிவு அதில் இருக்கிறது. உரையாசிரியர் கருத்தைத் தாமே எடுத்துச் சொல்லிவிடுவார். கடிதமும் கதையும் பல வேளைகளில் காட்டுகளை மட்டும் தந்துவிட்டுக் கருத்தைப் படிப்பவரிடமே விட்டுவிடும்.

ஆதலின், பிள்ளைகள் பாடம் படிக்கையில் வரிக்கு வரி அடிக்கோடிடுவது கண்டு மகிழ வேண்டா. அனைத்தையும் முக்கியம் என்பது எதையும் முக்கியம் அன்று என்பதற்கு ஒப்பாகும். "இவையெல்லாம் சேர்ந்து எதைச் சொல்கின்றன? அதற்குப் பொருந்தாமல் எது எஞ்சுகிறது?" என்னும் இரு வினாக்களைக் கேட்கப் பழக்குங்கள்.

அந்தக் கடிதத்தில் எழுத்துகளை அறிந்தவர் நாம். அதைப் படித்தவரோ வாப்பும்மா.