நெய்யாற்றுக் கால்வாயோரம் ஒரு சுற்று

பாறசாலைக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, நெய்யாற்றுக் கால்வாய்க் கரையிலும் ஊடுவழிகளிலுமாகக் களியக்காவிளை வரை நடந்து வரலாம். தென்னையும் மரவள்ளியும் அடர்ந்த நிழலில் நாம் நடந்தபோது வெயிலே தெரியவில்லை.

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாற்றை வடக்கே மலையடிவாரத்தில் தேக்கி நிறுத்துவது 1958-இல் எழுந்த அணை. அதன் இடதுகரைக் கால்வாய் பாறசாலைப் பக்கத்தை நனைத்து, எல்லை கடந்து விளவங்கோடு வட்டத்திற்கும் நீர் வழங்கிற்று. எல்லை என்றோமே, அது 1956 நவம்பர் 1-இல் விழுந்த கோடு. விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரையோ, பாறசாலையையும் தன்னோடு வைத்துக்கொண்டு கேரளத்தில் நின்றது.

களியக்காவிளைத் தேநீர்க்கடையில் இரு மொழிகளும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கின்றன. பேச்சைக் கேட்டு எல்லையை அறிவது அரிது. கால்வாயைப் பார்த்தால் விளங்கிவிடும். 2004-இல் தமிழகப் பகுதிக்கு நீர் விடுவதைக் கேரளம் நிறுத்தியது. அந்நீரை நம்பியிருந்த பாசனப் பரப்பு 9,200 ஏக்கர். 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எல்லைக்கு அப்பால் கால்வாயில் புல் மண்டிக் கிடந்தது. வயலாயிருந்த இடங்களில் ரப்பர் நிற்கக் கண்டோம்.

திரும்புவதற்கு நெடுஞ்சாலையே போதும். இஞ்சிவிளை கடந்தால் மீண்டும் பாறசாலை. நாகர்கோவிலுக்கு அங்கிருந்தே இரயிலேறலாம்.