பிடித்தானா, இல்லையா?

விளையாட்டைப் பற்றி எழுத எங்களுக்குத் தகுதி ஏதுமில்லை. கணவனும் மனைவியுமாக ஒரே கல்லூரியின் தமிழ்த்துறையில் பணியாற்றுகிறோம். எங்களுள் ஒருவர் இலக்கண உரைகளையும் மற்றவர் சங்க இலக்கியத்தையும் கற்பித்து வருகிறோம். ஆயினும் அமெரிக்கக் கால்பந்தின் விதியொன்று 2015ஆம் ஆண்டிலிருந்து எங்களை விடாமல் தொடர்கிறது. அதனை இங்கே நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றிற்று.

அவ்வாண்டு ஜனவரியில், பருவ விடுமுறையில், டல்லாஸை அடுத்த இர்விங்கில் எங்களுள் ஒருவரின் தம்பி வீட்டில் தங்கியிருந்தோம். ஜனவரி 11, ஞாயிறு நண்பகல். டல்லாஸ் கௌபாய்ஸ் அணி கிரீன் பே பேக்கர்ஸ் அணியுடன் மோதிய ஆட்டம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றவர் வீடு திரும்ப வேண்டியதுதான். தம்பியின் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும், தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதையெல்லாம் எங்களுக்குக் கற்பித்த ஆசிரியன் அவன்தான்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. 26-21 என டல்லாஸ் பின்தங்கியிருந்தது. நான்காவது முயற்சி, தேவை இரண்டு கெஜம். டோனி ரோமோ நெடுந்தொலைவுக்குப் பந்தை எறிந்தார். டெஸ் பிரையன்ட் தடுப்பாளருக்கு மேலாக எழும்பி அதைப் பற்றினார். கால்கள் தரையில் பதிந்தன. இலக்குக் கோட்டை நோக்கிக் கையை நீட்டியபடியே விழுந்தார். விழுந்தபோது பந்து தரையில் மோதி மேலெழ, அதை மீண்டும் பற்றிக்கொண்டார். களத்தில் அதைப் பிடிப்பென்றே அறிவித்தனர். எதிரணிப் பயிற்சியாளர் சிவப்புத் துணியை வீசி மறுபார்வை கோரினார். தலைமை நடுவர் ஜீன் ஸ்டெரடோர் திரையில் பார்த்துத் திரும்பி, பிடிப்பன்று என்றார். டல்லாஸ் தோற்றது.

சிறுவன் எங்கள் பக்கம் திரும்பினான். “மாமா, அத்தை, நீங்க ரெண்டு பேரும் டீச்சர்தானே. நீங்க சொல்லுங்க, அவன் பிடிச்சானா இல்லையா?”

தம்பி கணினியில் விதிநூலை எடுத்துக் கொடுத்தார். எட்டாம் விதி, முதற் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. பந்து வசப்பட வேண்டும். இரு பாதங்களேனும், கையல்லாத வேறோர் உறுப்பேனும் எல்லைக்குள் தரையைத் தொட வேண்டும். ஆட்டத்துக்குரிய ஒரு செயலைச் செய்யும் அளவுக்கு அவ்வசம் நீடிக்க வேண்டும். இது பொதுவிதி. அதன்கீழே ஒரு சிறப்புவிதி: பிடிக்கும்போதே ஒருவன் விழுவானாயின், தரையில் மோதி முடியும்வரை பந்து அவன் வசமே இருத்தல் வேண்டும்.

எங்களுக்கு இது பழகிய நிலம். ஒரு நூற்பாவின் ஆட்சி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதில்தானே சேனாவரையர் இளம்பூரணரை மறுத்தும் திருத்தியும் செல்கிறார்? பிரையன்ட் பிடித்து முடித்தபின் கோட்டை நோக்கிப் பாய்ந்தவரா, பிடிக்கும்போதே விழுந்தவரா? முன்னதாயின் பொதுவிதி, பின்னதாயின் சிறப்புவிதி. பின்னதே பொருந்தும் என்று இருவரும் ஒருமனமாக முடிவுகட்டினோம்.

“விதிப்படி இல்லை, கண்ணா” என்றோம்.

“அப்போ ரூல்தான் தப்பு” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனவன், இரவு உணவுக்கும் வரவில்லை.

அன்றிரவு எங்களுக்கும் உறக்கம் வரவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் துறைக் கூட்டத்தில் நாங்கள் இட்ட கையொப்பம் நினைவுக்கு வந்தது. எங்கள் மாணவி ஒருத்தியின் ஊருக்குக் காலையில் ஒரே பேருந்து. அது கல்லூரி வாசலை அடையும்போது முதல் பாடவேளை பாதி கடந்திருக்கும். அப்பாடவேளையின் தொடக்கத்தில் எடுப்பதே அரைநாள் வருகையின் கணக்கு. நாள்தோறும் வகுப்பில் அமர்ந்திருந்தாள், நாங்களே கண்டோம், எங்கள் கேள்விகளுக்கு விடையும் சொன்னாள். பதிவேட்டின்படி அவள் வரவில்லை. ‘வருகை’ என்பதற்கு விதி தரும் பொருளை அன்றும் மிகத் தெளிவாக விளக்கினோம். அவள் தேர்வெழுத இயலவில்லை. அடுத்த பருவத்தில் கல்லூரிக்கு வரவும் இல்லை.

பின்னர் இவ்விளையாட்டின் செய்திகளைத் தேடிப் படிக்கலானோம். 2010 செப்டம்பரில் சிகாகோவில் டெட்ராய்ட் அணியின் கால்வின் ஜான்சன் இலக்குப் பகுதியில் பற்றிய பந்து, எழும்போது கையிலிருந்து நழுவியதால் செல்லாமற் போயிற்று. அன்றும் தலைமை நடுவர் இதே ஸ்டெரடோர். 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கின் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கோட்டைத் தாண்டி நீட்டிய பந்து தரையில் பட்டு அசைந்தது; அதுவும் நீக்கப்பட்டது. நடுவர்கள் மனம்போனபடி நடந்தவர்களல்லர். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தவர்கள். குறை வாசிப்பில் மட்டும் இல்லையென்பது மெல்ல விளங்கிற்று.

2018 மார்ச்சில் முப்பத்திரண்டு அணிகளும் ஒருமனதாக விதியை மாற்றின. விழுவோர்க்கான சிறப்புவிதி நீங்கியது. வசம், எல்லைக்குள் இரு பாதம், பின்னர் மூன்றாம் அடியோ கை நீட்டலோ போன்ற ஒரு செயல், அல்லது அதைச் செய்யவல்ல அவகாசம். இவை போதும் என்றாயிற்று. பிரையன்ட் பிடித்தது பிடிப்பாகவே இருந்திருக்க வேண்டுமென விதிக்குழுவினரே ஒப்புக்கொண்டனர். ஆயினும் 26-21 என்பது 26-21 ஆகவே இருக்கிறது.

எங்கள் துறையில் பேருந்தில் வருவோர்க்கெனத் தாமதப் பதிவேடு ஒன்றைத் தொடங்க வைத்தோம். அவளைத் தேடி அவ்வூருக்கும் ஒருமுறை போனோம். திருமணமாகி வேறூர் சென்றிருந்தாள். வீட்டார் காப்பி கொடுத்து உபசரித்தது இன்னும் கனக்கிறது.

புதிய விதியும் ஐயங்களை முற்றும் தீர்த்துவிடவில்லை. 2025 டிசம்பரில் பால்டிமோரின் ஐசையா லைக்லி இலக்குப் பகுதியில் இரு பாதங்களையும் பதித்தபின், மூன்றாம் அடி விழுமுன் பந்து தட்டிவிடப்பட்டது. மறுபார்வையில் டச்டவுன் போயிற்று. அந்தக் காட்சித் துண்டை இர்விங் பிள்ளை எங்களுக்கு அனுப்பியிருந்தான். இப்போது வேலைக்குப் போகிறான். “மாமா, அத்தை, இது கேட்சா?” என்று கேட்டிருந்தான், பழைய குறும்புடன்.

விதிநூலைத் திறக்குமுன் அவனைத் தொலைபேசியில் அழைத்தோம். “நீ என்ன கண்டாய் என்பதை முதலில் சொல்லப்பா” என்றோம். அவன் நெடுநேரம் சொன்னான், குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.