தளர்த்தத் தெரிந்த கை

காங்கேயம் காளை என்றதும் திமிலும் கொம்பும் பேச்சில் வந்துவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணி வளர்த்த கதையும் வரும். அந்தக் காளையைக் கயிற்றுக்குப் பழக்கிய ஆளைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். அந்தப் பழக்கும் வேலையை நேரில் பார்க்கத்தான் வெள்ளகோவிலுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன்.

கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம். வெள்வேல மரத்தடியில் ஒரு காளைக்கன்று நின்றது. இன்னும் பல் போடவில்லை. பிறந்தபோது இருந்த செம்பழுப்பு மாறிச் சாம்பல் ஏறியிருந்தது. மூக்கு குத்தவில்லை, தலைக்கயிறு மட்டும்தான். கொழுக்கட்டைப் புல்லில் தன்போக்கில் மேய்ந்து வளர்ந்த உருப்படி. ஆள் வாடை பட்டாலே விறைத்தது.

பழக்குகிறவர் அறுபதைக் கடந்தவர், அந்தத் தோட்டத்தில் கூலிக்கு இருப்பவர். கன்றின் முகத்துக்கு நேரே அவர் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் தெரியும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. அங்கே திடீரென்று ஆள் வந்தால் உதைதான். அதனால் தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நடந்தார். கன்று தலையைத் தூக்கினால் நின்றுவிடுவார். அது பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தினால் இன்னும் ஓர் அடி. கை எட்டியதும் தட்டிக்கொடுக்காமல் அலைதாடியைச் சொறிந்தார். மாடுகள் ஒன்றையொன்று நக்கிவிடும் இடம் அது. சற்று நேரத்தில் கன்று கழுத்தை நீட்டிக்கொடுத்தது.

பிறகு கயிறு. நிதானமாக இழுத்துப் பிடித்தார். கன்று நாலு காலையும் ஊன்றி நின்றது. அவரும் நின்றார். இழுப்பைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முன்னங்கால் ஒன்று நகர்ந்த அந்தக் கணமே கயிறு தொய்ந்தது.

“இழுக்கறது யாரு வேணாலும் இழுக்கலாமுங்க. எப்ப விடறோமுங்கறதப் பாத்துத்தான் கன்னு கத்துக்கும்” என்றார்.

“அடங்காட்டி அடிக்கமாட்டீங்களா, ஐயா?”

“அடிச்சா கையப் பாத்தாலே மெரளும் தம்பி. சந்தைல எத்தன கை இருக்குது!”

வண்டிப் பழக்கம் பிறகுதான் வரும். முதலில் பழகிய எருதோடு சோடி சேர்த்து வெறும் நுகத்தடி, அப்புறம் ஒரு மரக்கட்டையை இழுக்க விடுவது, கடைசியில் காலி வண்டி. இதற்குள் மூக்கணாங்கயிறும் ஏறிவிடும். கயிற்றுக்கு முன்பே கைக்குப் பழகிய மாட்டின் மூக்கைப் புண்ணாக்க வேண்டியிருக்காது என்பது அவர் கணக்கு. இதில் அவரோடு முழுக்க உடன்படுகிறேன். மூக்கைப் பிடித்து அடக்கிய மாடு, பிடி இருக்கும்வரைதான் அடங்கும்.

கன்று வாங்கும்போது அவர் நெற்றிச் சுழியைப் பார்ப்பாராம். ராசி பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். மிரளுமா என்று பார்க்கிறாராம். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வும் இதைத் தொட்டிருக்கிறது: நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே உள்ள மாடுகள், அடைத்து நிறுத்தும்போது கூடுதலாக மிரண்டன. நம்மூர்ச் சுழி சாத்திரம் முழுவதும் சரி என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அவருடைய கண்ணை அலட்சியப்படுத்த முடியாது.

பருத்திக்கொட்டை அரைத்துத் தாழியில் ஊற்றி வந்தவர் அவர் மனைவி. காலையும் மாலையும் கன்று முதலில் பார்ப்பது அந்த அம்மாவைத்தான். அவர் குரலுக்குக் காதைத் திருப்புகிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குத் தனிக் கூலி இல்லை.

கண்ணபுரம் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தையில் சாதுவான காளைக்கு விலை கூடும். அந்தக் கூடுதல் உரிமையாளருக்குப் போகும். பழக்கியவரைத் தனியாக மதிக்கவும் வழி உண்டு. அமெரிக்காவில் ஃபோர்-எச் என்ற இளையோர் அமைப்பின் கண்காட்சிகளில் பிள்ளைகள் தாங்கள் பழக்கிய, காயடித்த இளங்காளையைத் தலைக்கயிற்றில் நடத்தி வருகிறார்கள். மாட்டின் தரத்துக்கு ஒரு போட்டி. நடத்தி வருகிறவரின் திறமைக்குத் தனியாக இன்னொரு போட்டி. நம் மாட்டுக் கண்காட்சிகளை நடத்துகிறவர்கள் அந்த இரண்டாவது போட்டிக்கும் ஒரு பரிசு வைக்க வேண்டும். அதை வாங்க உரிமையாளரை அழைக்காமல், கயிறு பிடித்தவரையும் தாழி நிரப்பியவரையும் மேடைக்கு அழையுங்கள்.