தரங்கம்பாடியில் கிரகண நிலா

அம்மாச்சி ஊர் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்தான் விடுமுறை நாட்களில் எங்களுக்குத் திடல். பாண்டியர் காலத்துக் கோயில் அது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலைக்குத் தப்பிய கல்லில் ஏறி உட்கார்ந்தால் கிழக்கு முழுவதும் தண்ணீர். மரமோ மாடியோ குறுக்கே இல்லை. பௌர்ணமியன்று முதுகுப் பக்கம் ராஜ வீதிக்குப் பின்னால் வெயில் இறங்க, எதிரே கடலிலிருந்து நிலா ஏறும்.

எங்களுக்குக் கொண்டாட்டமான பௌர்ணமி மீனவர்களுக்கு மந்தம். நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும் என்பார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ம் பௌர்ணமிதான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எவ்வளவு சொன்னாலும், அதற்குப் பிறகு கரையில் முழுநிலாவைப் பார்க்கும் கண்ணில் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. கிரகணம் என்றால் கேட்கவே வேண்டாம்: வீட்டில் பொழுதோடு சாப்பாட்டை முடித்து, ஊறுகாய் ஜாடியில் தர்ப்பையைப் போட்டுவிடுவார் அம்மாச்சி. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வாசற்படி தாண்ட அனுமதியில்லை.

நிலா உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருந்தால் பஞ்சாங்கக்காரர்கள் கிரஸ்தோதயம் என்பார்கள். 2018 ஜனவரி 31, தைப்பூசத்தன்று அப்படி நடந்தது. மாலை 5.18-க்கே கிரகணம் பிடித்தாயிற்று. நிலா உதிக்க ஆறு மணி தாண்டியது. கரையில் நின்ற கூட்டம் "எங்கப்பா நிலாவக் காணோம்?" என்று தவித்தது. வானத்தில் வெளிச்சம் போகவில்லை. வட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் நிழல் மூடியிருந்தது. "அந்தா, அந்த போட்டுக்கு நேர் மேல பாரு தம்பி" என்று கை நீட்டினார் வலை காய வைத்துக்கொண்டிருந்த பெரியவர். மேல் விளிம்பில் மட்டும் வெளுப்பாக ஒரு கீற்று. 6.22-க்கு அதுவும் மறைந்தது. நன்றாக இருட்டிய பிறகுதான் செம்பு நிறத்தில் நிலா கண்ணுக்கு அகப்பட்டது. அதற்குள் அது எங்கோ மேலே போயிருந்தது.

2022 நவம்பர் 8 அன்று எல்லாம் தலைகீழ். முழுக் கிரகணம் 5.12-க்கு முடிந்து, நிலா உதிக்கும்போது நிழல் விலகிக்கொண்டிருந்தது. ஐப்பசி மேகத்தின் இடுக்கில் எட்டிப் பார்த்தபோது அடிப்பக்கம் வெளிச்சம், மேல்பக்கம் கருப்பு. பால் ஊற்றி நிமிர்த்தி வைத்த கொட்டாங்குச்சி போலிருந்தது. 6.19-க்குக் கிரகணம் விட்டது. பெண்கள் கடலில் முழுக்குப் போட்டார்கள். அதுவரை ஈயோட்டிக்கொண்டிருந்த சுண்டல்காரரின் தூக்கு மளமளவென்று காலியானது. மூன்றாம் நாள் பக்கத்துச் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்ட, பழியைக் கிரகணத்தின் மேல் போட்டார்கள் பெரியவர்கள்.

அந்தக் கரையில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வானம் தெளிவாக இருக்கும் நாளில் சூரியன் இறங்கியதும் கிழக்கே கடலை ஒட்டி நீலச் சாம்பலாக ஒரு பட்டை கிளம்பும். அதன் தலைமாட்டில் இளஞ்சிவப்பு. அந்தப் பட்டைதான் பூமியின் நிழல். தினமும் வருவதால் யாரும் சட்டை செய்வதில்லை. அதே நிழல் வெகுதூரம் நீண்டு நிலாவின் மேல் விழுவதே கிரகணம். ராகுவும் கேதுவும் அல்ல, பூமியின் நிழலே காரணம் என்று 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். நிழலின் ஓரம் எப்போதும் வளைவாக விழுவதைக் காட்டியே பூமி உருண்டை என்று அதற்கும் முன்பே வாதிட்டார் அரிஸ்டாட்டில்.

இப்போது நான் குடியிருக்கும் பட்டணத்தில், அடுக்குமாடிகளைத் தாண்டி நிலா முகம் காட்டுவதற்குள் இப்படிப்பட்ட கிரகணம் விட்டுப் போயிருக்கும். பழவேற்காடு முதல் கோடியக்கரை வரை கிழக்கே கடல் வாய்த்த ஊர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த கிரஸ்தோதயத்துக்குக் கதவைச் சாத்தாமல், பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போங்கள்.