படப்பையில் கேட்ட சீனப் பாடம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது படப்பை. ஏரியும் வயலும் சூழ்ந்த இவ்வூருக்கு மேற்கே ஒரகடத்தின் தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கின்றன. வைகறையில் தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் வரிசையாய் விரைகின்றன. அவற்றினுள் ஒலிக்கும் மொழிகள்தாம் எத்தனை!

அண்மையில் அங்கு இல்லம் ஒன்றை மந்திரிக்கச் சென்றிருந்தோம். தைவான் நாட்டார் நடத்தும் தொழிற்சாலையில் பணிபுரியும் அவ்வீட்டு மகள், கோடையில் இரு திங்கள் தைப்பே நகரில் தங்கிச் சீனமொழி பயின்று திரும்பியிருந்தாள்.

"காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு, சுவாமி. மாலை முழுதும் எழுத்துப் பயிற்சி. ஆனால் நாவுதான் வணங்கவில்லை" என்றாள்.

சீனத்தில் 'மா' என்னும் ஓசையைச் சமமாக நீட்டினால் தாய், உயர்த்தினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென இறக்கினால் திட்டுதல். முதல் வாரத்தில் தன் தாயைப் பற்றிச் சொல்லப்போய், இவள் குதிரையைச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அன்றிரவு அழுதுகொண்டே தொலைபேசியில், "திரும்பி வந்துவிடுகிறேன்" என்றாளாம். அதற்கு அந்த அன்னை கூறிய மறுமொழி இது: "சிறுவயதில் சோற்றைச் 'சோச்சு' என்பாய். நான் சிரித்தேன், ஆனாலும் நீ பேச்சை நிறுத்தவில்லையே! அவர்களும் சிரிக்கட்டும். நீ பேசு."

நாம் வியந்தோம். நம் செந்தமிழிலும் 'மா' குதிரையன்றோ!

இயேசு சபைக் குருவாகிய மைக்கேல் ருஜியேரி அடிகளார் 1579-இல் மக்காவ் சேர்ந்து சீனம் கற்கத் தொடங்கினார். இருவருக்கும் பொதுமொழி இல்லாமையால், ஆசானாய் வாய்த்த ஓவியர் குதிரையொன்றை வரைந்து அதன் எழுத்தையும் 'மா' என்னும் ஓசையையும் கற்பித்தாராம். 1580-இல் நம் கொச்சியில் குருப்பட்டம் பெற்ற மத்தேயு ரிச்சி அடிகளார் 1582-இல் அங்குச் சென்று அவருடன் சேர்ந்தார். கற்றறிந்த அம்மேதைகள் மீண்டும் அரிச்சுவடி மாணவர் ஆயினர். 1601-இல் ரிச்சி அடிகளாருக்குப் பீக்கிங் நகரம் திறந்ததெனில், அதற்கு அந்தத் தாழ்ச்சியும் ஒரு காரணமன்றோ!

விடைபெற்றுத் திரும்பும் வழியில் நம் மனச்சான்று நம்மையே வினவியது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த கத்தோலிக்க இளைஞர் சிலர், ஞாயிறு திருப்பலியில் ஆலயத்தின் கடைசித் தூணருகே நின்றுவிட்டுப் போகின்றனர். குருமடத்தில் இலத்தீன் கற்ற நாம், "சாப்பிட்டாயா, தம்பி?" என்று அவர்கள் மொழியில் கேட்கக் கற்றோமா? இல்லை. பிழையாகப் பேசி நகைப்புக்கு இடமாவோமோ என்னும் நாணமே நம்மைத் தடுத்தது.

அடுத்த ஞாயிறன்று அவர்களுள் ஒருவரிடம் அக்கேள்வியைக் கற்று, அப்போதே கேட்டோம். உச்சரிப்புத் தவறிற்று, அவர் வாய்விட்டுச் சிரித்தார். பின்னர் முதன்முறையாகத் தம் பெயரைச் சொன்னார்.

அன்புக் குடும்பங்களே, பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் அருளியது நாவன்றோ! உங்கள் தெருவில் குடியிருக்கும் அயல்மொழிச் சகோதரரிடம் இவ்வாரம் ஒரு சொல் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சிரிக்கட்டும், நீங்கள் பேசுங்கள்.