இரண்டு கையெழுத்தும் தெரியட்டும்

நூலகம் என்றதும் அலமாரியும் ஏடுகளுமே நம் நினைவுக்கு வரும். கணினித் தொழிலார் அச்சொல்லை வேறொரு பொருளில் வழங்குகின்றனர். செயலி எழுதுவோர் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தின் கதவைத் தாமே தட்ட வேண்டியதில்லை. எடுத்தல், வைத்தல், திருத்தல் ஆகிய வேலைகளை இடையில் நின்று செய்து கொடுக்கும் நிரல்தொகுப்பு ஒன்று உண்டு. அதற்குக் ‘கிளையன்ட் லைப்ரரி’ என்று பெயர். சென்னையில் அத்தொழில் பார்க்கும் நம் சகோதரியின் மகன் வாயிலாகவே இவ்விஷயம் நமக்கு அறிமுகமாயிற்று.

2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலுக்குப் பின், பழவேற்காட்டு ஏரியை அடுத்த சுண்ணாம்புக்குளம் பக்கத்தில், வலையும் படகும் இழந்தோரின் விவரங்களை நம் மாணவர் சிலர் வீடு வீடாகச் சென்று கைப்பேசியில் குறித்தனர். செயலியை ஆக்கித் தந்தவர் மருமகன். அவர் தேர்ந்தது கவுச்டிபி என்னும் ஆவணத் தரவுத்தளம். டேமியன் காட்ஸ் என்பார் 2005இல் தொடங்கியது. பள்ளிப் பதிவேட்டைப் போல எல்லாருக்கும் ஒரே கட்டங்களை அது விதிப்பதில்லை. ஒரு வீட்டில் போனது நான்கு வலை. மற்றொரு வீட்டில் படகின் இயந்திரம். இன்னொரு வீட்டிலோ கையால் தடவி இறால் பிடிக்கும் பெண் ஒருத்தி, இழந்தது சில நாள் கூலி. ஒவ்வொரு குடும்பத்தின் ஆவணமும் தனக்கேற்ற வடிவில் அமரலாம். சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசியிலேயே எழுதிக்கொண்டு, கிடைத்த இடத்தில் தலைமைக் கணினியோடு இணைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

ஒரு விதவைத் தாயின் வீட்டுக்கு இரு மாணவர் வெவ்வேறு நாளில் சென்றனர். முன்னவர் வலைக் கணக்கை எழுதினார். அதைக் காணாத பின்னவர் வங்கிக் கணக்கு எண்ணைச் சேர்த்தார். இரண்டும் இணைந்தபோது பட்டியலில் வங்கி எண் இருந்தது, வலையைக் காணோம். “என் வலை எங்கே போச்சு வாத்தியாரே?” என்று அந்த அம்மாள் நம்மிடமே வந்து கேட்டார்.

மருமகன் ஆராய்ந்தார். தரவுத்தளம் எதையும் தொலைக்கவில்லை. இரு வடிவங்கள் மோதும்போது அது இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் முன்னிறுத்துகிறது. எதன் திருத்த வரலாறு நீண்டதோ அதுவே முன்னிற்கும். சமமாயின் திருத்தக் குறியீடு எதற்குப் பெரிதோ அது. எல்லாக் கணினிகளும் ஒன்றையே தேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. எது உண்மை, எது பிந்தியது என்பதற்கு இதில் இடமில்லை. மற்றதையும் கேட்டால் கொடுக்கும். கேட்காமல் விட்டது இடையில் நின்ற நூலகமே!

பழவேற்காட்டு மீனவரின் பாடு முறையிலும் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டே முடிவு செய்கிறது. ஆனால் அச்சீட்டு ஊரறிய எடுக்கப்படுகிறது. தோற்றவருக்குத் தாம் தோற்றது தெரியும். இங்கே தோற்ற ஆவணம் ஒன்று உண்டு என்பதே எவருக்கும் தெரியவில்லை.

“பயன்படுத்துவோருக்கு எளிதாயிருக்க வேண்டும் மாமா, இரண்டைக் கொடுத்தால் குழம்பிவிடுவார்கள் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள்” என்றார் மருமகன். மத்ரஸாவில் நாம் ஓதிய காலத்தில் பழைய கையெழுத்துக் கிதாபுகளைக் கண்டிருக்கிறோம். இரு மூலங்களில் சொல் வேறுபட்டால், பிரதி எடுத்தவர் ஒன்றை உள்ளே எழுதி, மற்றதை ‘வேறு பிரதியில் இவ்வாறு’ என ஓரத்தில் குறிப்பார். பின்னால் வரும் வாசகனும் அறிவுடையவன் என்னும் மரியாதை அது. எளிமை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த அம்மாளின் நான்கு வலைகளை விலையாகக் கொடுத்து வாங்கும் எளிமை வேண்டாம் என்றோம்.

நூலகத்தை அவர் திருத்தி எழுதினார். இப்போது ஆவணத்தைக் கேட்கும்போதே மோதல் உண்டா என்றும் கேட்கிறது. உண்டெனில் இரண்டையும் நீட்டுகிறது. செயலி எழுதுவோர் கண்மூடிக் கடக்க இயலாது. ஒருவர் வலையையும் மற்றவர் வங்கி எண்ணையும் சேர்த்திருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளும். வலை நான்கா ஐந்தா என்று வந்துவிட்டால், மனிதர் வீட்டுக்குப் போய்க் கேட்டுத்தான் வர வேண்டும்.

மொய்தீன் என்னும் பெயரிலும் ஒரு சங்கடம் எழுந்தது. அரபியில் முஹ்யித்தீன் என்பது நம்மவர் நாவில் மொய்தீன், மொஹிதீன், முகைதீன் எனப் பலவாறு மருவியது பழங்கதை. ‘மொ’ என்பதைக் கணினிக்குள் இரு வழிகளில் எழுதலாம் என்பதோ நமக்குப் புதுச்செய்தி. மகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனியே வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டுக்குக் குறியீடாக ஒப்பிடும் கணினிக்கோ இருவர்! பெயர் எவ்வழியில் வந்தாலும் ஒரே வழிக்கு மாற்றியே தேட வேண்டும் என்பதும் நூலகத்தின் கடமையாயிற்று. எழுத்து மாற்றத்தைத் தீர்க்கலாம். உச்சரிப்பு மாற்றத்தைத் தீர்க்க இயலாதே. ஆகையால் பெயரை அடையாளமாகக் கொள்ளாமல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி எண் ஒன்றைப் பதிந்தனர்.

கூட்டாளிகள் அந்நூலகத்தைக் கையாளச் சிரமமானது என்றே இன்றும் சொல்கின்றனராம். சுண்ணாம்புக்குளத்துப் பட்டியலில் அந்த அம்மாளின் பெயருக்கு நேரே வங்கி எண்ணும் இருக்கிறது, நான்கு வலைகளும் இருக்கின்றன.